பத்து நாற்பது பஸ்ஸில் வந்தவர்கள்

வன்னிமடைக்குப் பன்னிரண்டாம் நம்பர் டவுன் பஸ் காலை பத்து நாற்பதுக்கு வரும், வராவிட்டால் பதினொன்று ஐந்துக்கு வரும், அதற்கும் வராவிட்டால் கண்டக்டர் வீட்டில் ஏதோ விசேஷம் என்று ஊரே புரிந்துகொண்டு நடையைக் கட்டும். அப்பேர்ப்பட்ட பஸ் ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் நொடி பிசகாமல் பத்து நாற்பதுக்கே வந்து நின்றபோது, ஸ்டாப்புக்கு எதிரே கடை போட்டிருந்த பரோட்டா மாஸ்டர் சோலைராஜ், இதில் என்னமோ இருக்கிறது என்று நினைத்தான். நினைத்துவிட்டு மறுபடி மாவைப் பிசைந்தான்.

பஸ்ஸிலிருந்து இறங்கியது டீக்கடை பால்பாண்டி. அதில் ஒன்றும் அதிசயமில்லை, அவன் டவுனுக்குப் போய் வருகிற ஆள்தான்; ஆனால் அதே பால்பாண்டி அதே நேரத்தில் பக்கத்துக் கடையில் நின்று டீ ஆற்றிக்கொண்டும் இருந்தான். இறங்கியவனுக்கு எழுபது வயது இருக்கும். தலை பஞ்சு, முதுகு வில், கையில் ரெக்சின் பை. நேரே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, இடது காதுக்குப் பின்னால் இருந்த மருவைச் சொறிந்தபடி, "ஒரு டீ போடப்பா, சீனி தூக்கலா" என்றான். ஆற்றிக்கொண்டிருந்த பால்பாண்டியும் இடது காதுக்குப் பின்னால் அதே மருவைச் சொறிந்தான். சொறிந்து முடித்து, "வாங்க வாங்க, பஸ்ஸுல கூட்டமா?" என்றான்.

வன்னிமடையில் வந்தவர்களிடம் கேட்பதற்கு இரண்டே கேள்விதான் உண்டு: பஸ்ஸில் கூட்டமா, சாப்பிட்டாச்சா. எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டால் செருப்பால் அடித்ததற்குச் சமம். அதனால் அன்றைக்கும் மறுநாளும் அதற்கு மறுவாரமும், நாற்பது தாண்டியவர்கள் ஒவ்வொருவருடைய எழுபது வயதும் ஒன்றும் இரண்டுமாகப் பையோடு வந்து இறங்கியபோது, ஊரில் ஒருத்தரும் எதற்கு என்று கேட்கவில்லை. கட்டில் ஒழித்துக் கொடுத்தார்கள். புதுத்துண்டு எடுத்துக் கொடுத்தார்கள். கோழி அடித்தார்கள்.

பத்து நாளில் ஊருக்குப் பழகிவிட்டது. கோயில் மைக்செட், "அன்பார்ந்த பொதுமக்களே, விருந்தாளிகளை எதிர்பார்த்து நிற்பவர்கள் பஸ் படிக்கட்டை மறிக்காமல் ஓரமாக நிற்குமாறு, ஓரமாக நிற்குமாறு" என்று இரண்டு தரம் இருமியது. பஞ்சாயத்துத் தலைவர் தனுஷ்கோடி விருந்தாளிகளுக்குத் தனி ரேஷன் அட்டை கேட்டு மனுப்போட, விருந்தாளியும் விண்ணப்பதாரரும் ஒருவரே ஆகையால் ஏற்கெனவே உள்ள அட்டையிலேயே பகிர்ந்து உண்ணவும் என்று பதில் வந்தது. எழுதியவர் சிரித்துக்கொண்டே எழுதினாரா என்று காகிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மரகதம் டீச்சர் தன் விருந்தாளியை ஏற இறங்கப் பார்த்து, "ஏட்டி, நான் இம்புட்டுக் குண்டாவா ஆவேன்?" என்று அழப்போக, அந்தம்மா கண்ணை இடுக்கிச் சுவரைப் பார்த்து, "மிக்சர் டப்பா இருக்கா?" என்று கேட்டது. பிறகு இரண்டு டீச்சரும் சேர்ந்து உட்கார்ந்து சீரியல் பார்த்தார்கள், டப்பா நடுவில் இருந்தது.

நடந்தது என்ன, இனி நடக்கப்போவது என்ன என்று விருந்தாளிகள் வாயைத் திறக்கவில்லை. யாராவது நைசாகக் கேட்டால் பஸ்ஸின் ஷாக் அப்சார்பரைப் பற்றிக் குறை சொன்னார்கள்.

தபால்காரர் சந்தனத்தின் விருந்தாளி மட்டும் பஸ் நிற்பதற்குள் குதித்து இறங்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்து போனார். ஊரே சந்தனத்தைச் சூழ்ந்துகொண்டது. "என்ன மருந்துய்யா சாப்புடுறீக?" "மருந்தெல்லாம் இல்லப்பா. நடந்தே லெட்டர் குடுக்குறேன். ராத்திரி ஏழு மணிக்குச் சாப்புட்டுருவேன். ஒம்பதுக்குப் படுத்துருவேன்." எல்லாருக்கும் சப்பென்று ஆகிவிட்டது. "அது அவரு வாங்கி வந்த வரம்" என்று முடிவு கட்டி, பால்பாண்டி கடையில் ஆளுக்கு ஒரு டீ குடித்துக் கலைந்தார்கள்.

சோலைராஜுக்கு நாற்பத்தாறு வயது. கண் விழித்ததும் ஒரு டீ, ஒரு சிகரெட். மாவு பிசையும் முன் ஒன்று, பிசைந்த பின் ஒன்று. கல் சூடாகும்வரை சும்மா இருப்பானேன் என்று ஒன்று. ஊர் முழுக்கத் தின்னக் கொடுத்துவிட்டு அவன் முதல் கவளம் வாயில் வைக்கும்போது மணி மூன்றாகும், அதுவும் மிஞ்சிய எண்ணெய்ப் பரோட்டாவும் அடி சால்னாவும். மாவை வீசும்போது சில நாள் இடது தோளில் ஒரு கொக்கி மாட்டி இழுக்கும். கையை இரண்டு உதறு உதறி, "வாயு" என்பான். பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே நின்றதால் வந்தவர்கள் அத்தனை பேரையும் முதலில் பார்த்தது அவன்தான். ஆவணி போனது, புரட்டாசி போனது, ஐப்பசியும் போனது. அவனுடைய ஆள் வரவில்லை.

"உன் ஆளு பெரிய ஆளு மாப்ள" என்றான் பால்பாண்டி. "காரு புடிச்சு வருவாப்ல."

"ஏன், பிளைட்டுல வரமாட்டாரா?" என்று சிரித்தான் சோலைராஜ். சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது.

கார்த்திகை மாதம் வந்தது அவன் மனைவி வேலுத்தாயின் எழுபது வயது. முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டு, நெற்றியில் பெரிய மெரூன் ஸ்டிக்கர் பொட்டோடு படியில் நின்றவள், இறங்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் இரண்டு விசில் அடித்தார். பஸ்ஸில் வந்த யாரும் எதிரே நின்றவர்களை அப்படிப் பார்த்ததில்லை. கிணற்றுக்குள் விழுந்து போன ஒன்று தானாக மேலே வந்து நிற்பதைப் போல அவள் பார்த்தாள்.

"வா... வாங்க" என்றான் சோலைராஜ். தன்னைவிட இருபத்து நாலு வயது மூத்த சொந்தப் பெண்டாட்டியை வா என்பதா வாங்க என்பதா என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. "பஸ்ஸுல கூட்டமா?"

"கூட்டம் இல்லைங்க" என்றாள் அவள். "ஒத்தையாத்தான் வந்தேன்."

வீட்டில் சின்ன வேலுத்தாயும் பெரிய வேலுத்தாயும் ஒருநாள்கூடச் சண்டை போடவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே கைப்பக்குவம், ஒரே தும்மல், அடுக்களையில் பாத்திரம் விழுந்தால் இரண்டு குரலும் சேர்ந்தாற்போல் "சனியனே" என்று கத்தும். சோலைராஜ் இரண்டு பேர் மாதிரியும் பேசிக்காட்டிக் கேலி செய்வான், இருவரும் ஒரே மாதிரி மூக்கைச் சுளிப்பார்கள். பெரியவளிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம்: அவனுடைய தீப்பெட்டியை ஒளித்து வைத்தாள். அரிசிப் பானையில், சாமி படத்துக்குப் பின்னால், ஒருநாள் தன் தலையணை உறைக்குள். கேட்டால், "எனக்கென்னங்க தெரியும்" என்பாள், பிள்ளைகள் பொய் சொல்கிற முகத்தோடு.

ஒரு மத்தியானம் மூன்று மணிக்குக் கடையிலிருந்து வந்த சோலைராஜ் செருப்புச் சத்தம் கேட்காமல் பின்வாசல் வழியாக உள்ளே போனான். இரண்டு பேரையும் ஒருசேரப் பயமுறுத்துவது என்று திட்டம். சின்னவள் கடைக்குப் போயிருந்தாள். பெரியவள் பாயில் ஒருக்களித்துத் தூங்கினாள். முந்தானை விலகியிருந்தது. நெற்றியில் பொட்டு இல்லை. மெரூன் பொட்டு முகம் பார்க்கிற கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டியிருந்தது, அவன் வருகிற நேரத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ள வாகாக. கழுத்தில் ஒன்றும் இல்லை. பல வருஷமாக ஒன்றும் இல்லாமல் இருந்த கழுத்து அது.

பயமுறுத்த வந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அவள் கண் விழித்தாள். கை முதலில் நெற்றிக்குப் போனது, அப்புறம் கண்ணாடிக்குப் போகப் பார்த்தது, அப்புறம் மடியில் விழுந்தது.

"எப்ப?" என்றான்.

அவள் பஸ்ஸைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், ரோடு சரியில்லை, குலுக்குது என்று. முடிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் சோலைராஜ் சந்தனத்தின் வீட்டு வாசலில் நின்றான். "அண்ணாச்சி, லெட்டர் பைய நான் தூக்கிட்டு வாரேன்." அன்றிலிருந்து காலையில் ஆறு மைல் நடந்தான், முதல் வாரம் குதிகால் கிழிந்தது, இரண்டாம் வாரம் மூச்சு கிழிந்தது. சிகரெட்டை விட்ட நான்காம் நாள் மாவு உருண்டையைப் பால்பாண்டியின் தலையில் எறிந்தான். காலையில் கம்பங்கூழ், மத்தியானம் ஒரு மணிக்கே சோறும் கீரையும். கூட்டம் சேருகிற ராத்திரி வியாபாரத்தை விட்டு, கடையைச் சாயங்காலமே கட்டினான். "மாஸ்டர் சாமியாராயிட்டாருடோய்" என்று ஊர் சிரித்தது. ஒன்பதாம் நாள் காலையில் பெரிய வேலுத்தாய் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கக் குனிந்தபோது, அவள் கழுத்தில் கொடி காய்ந்த சுவட்டைப் போல மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று ஓடியது.

அவன் தினமும் பார்த்தான், அவள் தினமும் முந்தானையைக் கொஞ்சம் தளர விட்டாள். கோடு நூலானது. ஒருநாள் பால்பாண்டி கடையில் அடுத்தவன் விட்ட புகையை நின்று ஆசைதீர உறிஞ்சிவிட்டு வந்தான். மறுநாள் நூல் இருந்த இடமே தெரியவில்லை. அப்புறம் பதினைந்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை, நூல் திரிந்து கயிறானது, கயிற்றில் மஞ்சள் வாசம்கூட வந்தது.

இதே நேரத்தில் ஊரில் விருந்தாளிகள் தேய்ந்துகொண்டிருந்தார்கள். விருந்தாளியை வைத்துக்கொண்டு ரசம் சோறா போடுவது என்று தினமும் கறியும் நெய்யும் முறுக்கும் அதிரசமுமாக வீடுகள் மணத்தன. வந்தவருக்கு ஒரு வாய் என்றால் வீட்டுக்காரனுக்கு இரண்டு வாய். இரண்டு காலோடு பஸ்ஸில் இறங்கிய பால்பாண்டியின் விருந்தாளிக்குத் தையில் ஒரு விரல் இல்லை, மாசியில் ஒரு பாதமே இல்லை. "வரும்போதே அப்படித்தான வந்தாரு?" என்று பால்பாண்டி தன் ஐந்து கரண்டிச் சீனி டீயைக் கலக்கியபடி கேட்டான், "ஆமா, அப்படித்தான்" என்றது பெஞ்சு. பிறகொரு திங்கட்கிழமை காலையில் கட்டில் காலியாக இருந்தது. போர்வை மடிக்கப்படாமல், ஆள் படுத்த பள்ளத்தோடு அப்படியே கிடந்தது. ரெக்சின் பையும் இல்லை.

வன்னிமடைக்கு அது ஒரே ஒரு விதத்தில்தான் புரிந்தது: கோவித்துக்கொண்டு போய்விட்டார். முந்தின நாள் கறிக்குழம்பில் ஈரல் போடவில்லை, அந்தக் கோபம்.

அடுத்த வாரம் மூன்று கட்டில், அதற்கடுத்த வாரம் ஐந்து. மரகதம் டீச்சர் மிக்சர் டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதார். விருந்தில் குறை, மரியாதையில் குறை என்று ஒவ்வொரு வீடும் பக்கத்து வீட்டைவிட ஒரு கரண்டி எண்ணெய் கூட ஊற்றியது, ஊற்ற ஊற்றக் கட்டில்கள் காலியாயின. கோயில் முன்னால் கூட்டம் போட்டுத் தனுஷ்கோடி துண்டை உதறினார். "வெளியூருல நம்ம மரியாத சந்தி சிரிக்குதய்யா! விருந்தாளி சொல்லாமக் கொள்ளாமப் போறான்னா நாம என்ன மனுசங்க? பங்குனிப் பொங்கலுக்கு ஊரே சேந்து ஒரு விருந்து. போனவுக திரும்பி வரணும், இருக்குறவுக எந்திரிக்கவே கூடாது!" எல்லாரும் கை தட்டினார்கள். சந்தனம் எழுந்து, "அவுக கோவிச்சுக்கிட்டுப் போகலப்பா, நாம திங்கத் திங்கத்தான்" என்று ஆரம்பித்ததும், "உமக்கென்ன, நீரு வரம் வாங்கி வந்தவரு" என்று உட்கார வைத்தார்கள்.

விருந்து என்றால் எழுநூறு எண்ணெய்ப் பரோட்டா. எழுநூறு எண்ணெய்ப் பரோட்டா என்றால் சோலைராஜ்.

"நான் வரல மாமா" என்றான் அவன் தனுஷ்கோடியிடம்.

"ஒரே ஒரு நாளுய்யா."

"வேற மாஸ்டரு சொல்லி விடுறேன்."

"வேற மாஸ்டரு கையி உன் கையி ஆகுமா? ஊரு விருந்தாளிக்கு ஊரான் வீசுன பரோட்டாவயா போடுறது? உன் வீட்டுலயும் ஒரு விருந்தாளி இருக்குல்ல, நாளைக்கு அதுவும் கோவிச்சுக்கிட்டுப் போனா?"

அவனுக்குக் கோபம் வந்தது, அதைவிடக் கொஞ்சம் பெருமையும் வந்தது. உன் கை ஆகுமா என்று ஊர் கேட்டு நாலு மாதம் ஆகியிருந்தது.

பொங்கலன்று காலை பெரிய வேலுத்தாய் குளித்துத் தலை சீவி, பூ வைத்துக்கொண்டு வந்து நின்றாள். கழுத்தில் கயிறு கனமாக இருந்தது; கயிற்றின் முனையில் முதல்முறையாகப் பொன்னும் மினுங்கியது. கண்ணாடியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை அவள் எடுக்கவில்லை, குங்குமம் வைத்திருந்தாள். எழுபது வயதில் வெட்கப்பட்டாள். "ஏங்க, பஸ் ஸ்டாப்பு வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வரட்டா? இன்னைக்கு வருவாகன்னு தோணுது."

சின்ன வேலுத்தாய் அவளுக்குக் குடை எடுத்துக் கொடுத்தாள்.

சோலைராஜ் விடிந்ததும் கடைக்குப் போய்க் கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டான். மூன்று கல், மூன்று அடுப்பு. கூழ் குடிக்க நேரமில்லை, டீ வந்தது, டீ வந்தது, டீ வந்தது. மாவை வீச வீசக் கூட்டம் கூடிக் கத்தியது, நாலு மாதமாகத் தூங்கிக் கிடந்த கை தானாக எழுந்து ஆடியது, எண்ணெய் கொதித்தது, கொக்கி வந்து தோளில் மாட்டியது, அவன் உதறினான், கூட்டம் அதையும் ஒரு வித்தை என்று நினைத்து விசிலடித்தது. இருநூறு ஆனது, முந்நூறு ஆனது. பத்தரை மணிக்குப் பால்பாண்டி பக்கத்தில் வந்தான். "ஒண்ணே ஒண்ணு மாப்ள. கையிலதான மாவு, வாயி சும்மாதான இருக்கு." சொல்லிக்கொண்டே உதட்டில் செருகிப் பற்ற வைத்தும் விட்டான்.

துப்பியிருக்கலாம். துப்புவதற்கு நேரம் இருந்தது. ஸ்டாப்பில் குடைக்குக் கீழே பெரிய வேலுத்தாய் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், முதுகுதான் தெரிந்தது. சோலைராஜ் இழுத்தான். அந்த ஒன்று ஒருத்தனைக் கொல்லாது, அது அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும், அந்தச் சிகரெட்டுக்கேகூடத் தெரியும். ஆனால் புகை நெஞ்சுக்குள் இறங்கும்போதே, இது முடிந்ததும் அடுத்தது யாரிடம் கேட்கலாம் என்று மனசு கூட்டத்தில் ஆள் தேடியது. நாளைக்குக் காலையில் நடக்கப் போகமாட்டோம் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. உடம்பு அலுப்பாக இருக்கும், நாளை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

பஸ் வந்தது. சரியாகப் பத்து நாற்பது.

ஒருவரும் இறங்கவில்லை. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார், எடுத்தார், உள்ளே எட்டிப் பார்த்தார், சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு மஞ்சள் பை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்கு வந்து, "இந்தா, வன்னிமடை டிக்கெட்டு ஒருத்தரு ஜன்னல் சீட்டுல இருந்தாருங்க. நல்ல வயசான ஆளு, வழி பூரா எல்லாரு மாதிரியும் பேசிக்காட்டிச் சிரிக்க வச்சுட்டு வந்தாரு. பாலம் தாண்டுற வரைக்கும் பேசுனாரு. இப்பப் பாத்தா பைதான் இருக்கு" என்றார். பெரிய வேலுத்தாய் இரண்டு கையையும் நீட்டிப் பையை வாங்கிக்கொண்டாள். பஸ் போய்விட்டது. புழுதி அடங்கியபோது அவள் கழுத்து வெறுமையாக இருந்தது. நெற்றியில் வியர்வைதான் இருந்தது.

விருந்து பிரமாதம் என்று ஊர் சொன்னது. சாயங்காலத்துக்குள் இன்னும் ஏழு கட்டில் காலியானது. "ஏழு பேரும் வயிறு நெறஞ்சு, சந்தோசமாத்தான் போயிருக்காக" என்றார் தனுஷ்கோடி.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்த சோலைராஜ் பையைப் பிரித்துப் பார்த்தான். ஒரு வேட்டி, ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு ஜோடி தோல் செருப்பு. செருப்பின் குதிகால் நடந்து நடந்து காகிதமாகத் தேய்ந்திருந்தது; இருபது வருஷத்துக்கு மேல் தினமும் ஆறு மைல் நடந்தவனின் செருப்பு. காலை நுழைத்துப் பார்த்தான். அளவு சரியாக இருந்தது. விரல்கள் பதிந்த பள்ளத்தில் அவன் விரல்கள் போய் உட்கார்ந்துகொண்டன.

"சாப்புட வாங்க" என்றாள் பெரிய வேலுத்தாய்.

அவள் பொட்டு வைத்துக்கொள்ளவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்தவும் இல்லை. அவளைப் பார்த்த சின்ன வேலுத்தாய் கையிலிருந்த சொம்பை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் பாத்திரத்தில் விழாமல் சும்மா விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

இலையில் எண்ணெய்ப் பரோட்டா இருந்தது. பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றினாள். சுக்கா வைத்தாள். அவன் போதும் என்று சொல்வதற்கு முன் நெய்க் கரண்டியைக் கவிழ்த்தாள், மறுபடி ஒரு கரண்டி எடுத்தாள்.

"வேணாம்னு சொல்லலையா?" என்றான் அவன்.

"சாப்புடுங்க" என்றாள்.

"இனிமே நடக்குறேன். நாளையிலேர்ந்து..."

"சாப்புடுங்க, ஆறிப்போகும்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவன் பிழைத்துக்கொண்டிருப்பான். அவன் சாப்பிட்டான். அவள் எதிரில் உட்கார்ந்து, அவன் இல்லாத அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து வைத்துக்கொள்கிறவளைப் போல அவன் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்து அவன் இலையை மடிக்கும்போது, அவள் எழுந்து போய்ச் சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டாள். தீப்பெட்டியை எடுத்து, தூசியை முந்தானையால் துடைத்து, அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.